மாடி ஜன்னலிலிருந்து இறக்கிவிடும் பெட்டி

ஒரு நல்ல கயிறு கையில் இருந்தால் தீப்பிடித்த கட்டடத்தின் ஐந்தாம் மாடியிலிருந்து இறங்கிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்காவிலும் அப்படித்தான் நினைத்தார்கள். ஹோட்டல் அறைகளில் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கயிற்றுச் சுருள் இருக்கும், தீப்பிடித்தால் வெளியே போட்டுப் பிடித்து இறங்க வேண்டியதுதான். 1899 மார்ச் 17 அன்று நியூயார்க்கின் வின்ட்சர் ஹோட்டல் எரிந்தபோது அந்தக் கயிறுகளைப் பிடித்து இறங்கிய பலருக்கு உள்ளங்கைத் தோல் உரிந்துபோனது, வலி தாங்காமல் பாதியிலேயே கையை விட்டுவிட்டார்கள். கயிறு அறுந்து அவர்கள் விழவில்லை. கை தாங்கவில்லை, அவ்வளவுதான்.

ஏன் தாங்கவில்லை என்பது எளிய கணக்கு. 75 கிலோ எடையுள்ளவர் 27 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் சுமார் 20,000 ஜூல் ஆற்றல் எங்கேயாவது போயாக வேண்டும். வேகமாக விழுந்தால் அது மோதலில் போகும். மெதுவாக இறங்கினால் முழுவதும் வெப்பமாக மாறும், அதுவும் எந்த இடத்தில் உராய்வு நடக்கிறதோ அங்கே. வெறும் கையால் இறங்கும்போது அந்த இடம் உள்ளங்கை. ஒரு லிட்டர் தண்ணீரை கிட்டத்தட்ட 5 டிகிரி சூடாக்கும் அளவு வெப்பம் உள்ளங்கையின் மெல்லிய தோலில் சில நொடிகளில் இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆக, மாடியிலிருந்து பத்திரமாக இறக்கும் எந்தக் கருவியும் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்த வெப்பத்தைக் கையிலிருந்து எடுத்து ஓர் உலோகத் துண்டுக்குள் தள்ளுவது. இரண்டாவது வேலைதான் கடினம்: யார் தொங்கினாலும், அவர் எடை என்ன என்று யாரும் சொல்லாமலே, சரியான வேகத்தில் இறக்க வேண்டும்.

இந்த இரண்டையும் செய்கிற கருவி ஒன்று தென்கொரியாவிலும் ஜப்பானிலும் வெகு சாதாரணமாகக் காணப்படுகிறது. கொரியாவில் இதன் பெயர் வான்காங்கி. அங்கே பெரும்பாலான கட்டடங்களில் 3ஆம் தளம் முதல் 10ஆம் தளம் வரை தப்பிப்பதற்கென்று ஏதாவது ஒரு கருவி வைத்தாக வேண்டும் என்பது சட்டம் (அவர்கள் தரைத்தளத்தையே 1 என்று எண்ணுவார்கள், ஆகவே நம் கணக்கில் இரண்டாம் மாடியிலிருந்து ஒன்பதாம் மாடி வரை), வைப்பது பெரும்பாலும் இதைத்தான். ஜன்னல் பக்கத்துச் சுவரில் ஒரு பெட்டி, அதற்கு அருகே சுவரோடு போல்ட் போட்டு முடுக்கிய ஓர் இரும்புக் கை. பெட்டிக்குள் கொக்கி, கையில் பிடிக்கக்கூடிய ஓர் உலோக உருண்டை, அதன் வழியே ஓடும் கயிறு, கயிற்றின் இரு முனைகளிலும் ஒவ்வொரு பெல்ட். மின்சாரம் கிடையாது, பட்டன் கிடையாது, எடைக்கேற்பத் திருகி வைக்கும் குமிழும் கிடையாது. அந்தக் குமிழ் ஏன் இல்லை என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

கயிறு ஓடும் கப்பியை ஒரு சாதாரண பிரேக்கால் அழுத்தி வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோ ஆளுக்குச் சரியாக இருக்கும்படி இறுக்கியாயிற்று. இப்போது 45 கிலோ உள்ள ஒருவர் தொங்கினால் அவர் இறங்கவே மாட்டார், ஜன்னலுக்கு வெளியே அந்தரத்தில் நிற்பார். 60 கிலோ உள்ளவர் தொங்கினால் பிரேக் தாங்குவது போக மிச்சமிருக்கும் 10 கிலோவின் இழுப்பு அவரைத் தொடர்ந்து முடுக்கிக்கொண்டே போகும். 20 மீட்டர் இறங்கித் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 29 கிலோமீட்டர் வந்துவிடும். வெறும் 10 கிலோ வித்தியாசத்துக்கு இந்த நிலை. அப்புறம் புகையில் இருமிக்கொண்டு நிற்பவரிடம் "உங்கள் எடை எவ்வளவு?" என்று கேட்டுக் குமிழைத் திருகவா முடியும்?

வேண்டியது வேறு வகை பிரேக். வேகம் இல்லாதபோது பிடியே இருக்கக் கூடாது, வேகம் ஏற ஏறப் பிடி தானாக இறுக வேண்டும். டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்கு இது தெரிந்த சமாச்சாரம்தான், அந்த மொபெட்டின் கிளட்ச் இப்படித்தான் வேலை செய்கிறது. ஆக்சிலேட்டரைத் திருகாதவரை இன்ஜின் சும்மா சுற்றும், வண்டி நகராது. இன்ஜின் வேகமெடுத்ததும் உள்ளே இருக்கும் கட்டைகள் மையவிலக்கு விசையால் வெளிப்பக்கம் விரிந்து, சுற்றியுள்ள டிரம்மைப் பற்றிக்கொள்ளும், வண்டி கிளம்பும். இறக்கும் கருவியிலும் அதே கட்டைகள், அதே டிரம். ஒரே வித்தியாசம், இங்கே டிரம் சுற்றாது, கருவியின் உடலோடு சேர்த்து நிலையாக இருக்கும். கட்டைகள் அதில் உரசும்போது வேகம் குறைகிறது, கிளட்ச்சாக இருந்தது பிரேக்காகிவிட்டது.

ஆனால் கப்பியிலேயே நேராகக் கட்டைகளைப் பொருத்தினால் ஒன்றும் நடக்காது. 4 சென்டிமீட்டர் ஆரம் உள்ள கப்பி, நொடிக்கு 1 மீட்டர் கயிறு ஓடும்போது, நொடிக்கு நான்கு சுற்றுதான் சுற்றும். அந்த வேகத்தில் 100 கிராம் கட்டை ஒன்று 3 சென்டிமீட்டர் ஆரத்தில் சுற்றினால் வெளிப்பக்கம் தள்ளும் விசை 2 நியூட்டன்கூட (சுமார் 200 கிராம் எடை) வராது. ஒரு மனிதரை நிறுத்த இது எங்கே போதும்?

அதனால் நடுவில் பல்சக்கரங்கள் வருகின்றன. கப்பி ஒரு சுற்று சுற்றினால் கட்டைகள் பல சுற்று சுற்றும். எட்டு மடங்கு என்று வைத்துப் பார்ப்போம். மையவிலக்கு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், ஆகவே கட்டை டிரம்மை அழுத்தும் விசை 64 மடங்காகிவிடுகிறது. அத்தோடு முடியவில்லை. டிரம்மில் உண்டாகும் எதிர்ப்பு அதே பல்சக்கரங்கள் வழியாகத் திரும்பிக் கப்பிக்கு வரும்போது இன்னொரு எட்டு மடங்கு பெருகுகிறது. 64ஐ 8ஆல் பெருக்கினால் 512. பல்சக்கர விகிதத்தின் மும்மடி, அதாவது 8 × 8 × 8! எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பிரேக்கைப் பெரிதாக்காமல், கட்டையின் எடையையும் கூட்டாமல், நான்கைந்து பல்சக்கரங்களை நுழைத்ததும் கையடக்கமான ஓர் உருண்டைக்கு ஒரு ஆளைத் தாங்கும் பிடி வந்துவிடுகிறது.

இனி எடை விஷயத்துக்கு வருவோம். பிரேக்கின் பிடி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்றால், பிடியும் எடையும் சமமாகிற வேகம் எடையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் மாறும். 50 கிலோ ஆளை நொடிக்கு 80 சென்டிமீட்டர் வேகத்தில் இறக்கும் ஒரு கருவி, 100 கிலோ ஆளை 160இல் இறக்காது, சுமார் 113இல் இறக்கும். 25 கிலோ குழந்தைக்கு 57, 150 கிலோ ஆசாமிக்கு 139. எடை ஆறு மடங்கு மாறியும் வேகம் இரண்டரை மடங்குக்குள் அடங்கிவிட்டது. நடுவில் ஏதாவது உதறலில் வேகம் 10 சதவீதம் ஏறினால் பிடி 21 சதவீதம் ஏறி மறுபடி இழுத்துப் பிடித்துவிடும். யாரும் திருக வேண்டியதில்லை, தொங்குபவரின் எடையே பிரேக்கை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது.

கொரிய, ஜப்பானியத் தர விதிகள் இந்த வேகத்தை நொடிக்கு 16 சென்டிமீட்டர் முதல் 150 சென்டிமீட்டர் வரை என்று வரையறுக்கின்றன. மேல் எல்லை ஏன் என்று புரிகிறது. நொடிக்கு 150 சென்டிமீட்டர் வேகத்தில் தரையில் இறங்குவது, சுமார் 11 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து குதிப்பதற்குச் சமம். மாடிப்படியின் ஒரு படியைவிடக் குறைவு, முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால் போதும். கீழ் எல்லை எதற்கு? மெதுவாக இறங்கினால் நல்லதுதானே என்று தோன்றும். 27 மீட்டரை 16 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்க கிட்டத்தட்ட 3 நிமிடம் ஆகும், அதுவரை கீழ்த்தளங்களின் ஜன்னல்களிலிருந்து வரும் புகைக்கு நடுவே தொங்க வேண்டும், மேலே அடுத்தவர் காத்திருக்க வேண்டும். அதற்கும் மெதுவாக என்றால் இறங்குவதாகவே சொல்ல முடியாது.

அடுத்தவர் எப்படி இறங்குவார் என்பதற்கும் அழகான ஒரு ஏற்பாடு உண்டு. கயிற்றின் இரு முனையிலும் பெல்ட் இருக்கிறது என்றேன் அல்லவா, ஒருவர் இறங்க இறங்க மறுமுனை மேலே ஏறும். அவர் தரையைத் தொடும்போது இன்னொரு பெல்ட் ஜன்னலுக்கு வந்திருக்கும். கயிற்றைச் சுற்றி எடுக்கும் வேலையே இல்லை, பிரேக்கும் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றுபோலத்தான் பிடிக்கும். கயிறும் வெறும் நூல் கயிறு அல்ல, நடுவில் இரும்புக் கம்பி வடம், மேலே நூலால் பின்னிய உறை. எரியும் ஜன்னலைத் தாண்டித் தொங்க வேண்டியிருக்கிறதே.

வெப்பத்துக்குத் திரும்புவோம். அந்த 20,000 ஜூல் இப்போது உள்ளங்கைக்குப் பதில் டிரம்முக்குப் போகிறது. 3 கிலோ இரும்புக்கு அது பதினைந்து டிகிரி உயர்வு, பொருட்படுத்த வேண்டாம். ஆனால் ஆறவிடாமல் பத்துப் பேர் அடுத்தடுத்து இறங்கினால் 150 டிகிரியை நெருங்கிவிடும், உராய்வுக் கட்டையின் பிடி மாறத் தொடங்கும். இதனால்தான் ஐரோப்பாவின் இஎன் 341 தரம் இப்படிப்பட்ட கருவிகளை உயரத்தை வைத்துப் பிரிக்காமல், மொத்தம் எவ்வளவு ஆற்றலை விழுங்க முடியும் என்பதை வைத்து வகை பிரிக்கிறது. ஏ வகைக்கு 75 லட்சம் ஜூல். 100 கிலோ ஆட்கள் 100 மீட்டர் உயரத்திலிருந்து எழுபத்தைந்து தடவைக்கு மேல் இறங்கலாம். 100 மீட்டர் உயரத்தில் யார் இதைப் பயன்படுத்துவார்கள் என்றால், காற்றாலைப் பணியாளர்கள். 2013 அக்டோபர் 29 அன்று நெதர்லாந்தின் ஓல்ட்கென்ஸ்பிளாட் என்ற ஊரில் ஒரு காற்றாலையின் உச்சியில் தீப்பிடித்து, வேலை செய்துகொண்டிருந்த இருவர் இறங்க வழியில்லாமல் இறந்தார்கள். இன்று காற்றாலை உச்சிக்கு ஏறும் குழுவினர் இந்த வகைக் கருவியைப் பையோடு தூக்கிக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது.

சரி, பிரேக் இவ்வளவு நம்பகமானது என்றால் எங்கே தவறும்? பிரேக்கின் இரண்டு பக்கமும். மேலே கொக்கி, கீழே ஆள்.

கொக்கியை இரும்புக் கையில் மாட்டியதும் அதன் வளையத்தைத் திருகி மூட வேண்டும், பதற்றத்தில் பலர் விடுவது இதைத்தான். அந்த இரும்புக் கையும் உறுதியான கான்கிரீட்டில் பதிந்திருக்க வேண்டும். 1500 நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ தாங்கும் கருவியை மெல்லிய தடுப்புச் சுவரில் முடுக்கி வைத்து என்ன பயன்? பெல்ட்டைப் பொறுத்தவரை, அதை அக்குளுக்குக் கீழே மாட்டி மார்போடு இறுக்க வேண்டும், பிறகு இரண்டு கயிறுகளையும் சேர்த்துப் பிடித்தபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக் கால்களை வெளியே விட வேண்டும். வெளியே வந்ததும் கயிற்றை விட்டுவிட வேண்டும். ஆமாம், விட்டுவிட வேண்டும். கைகளைப் பக்கவாட்டில் விரித்துச் சுவரை லேசாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பயத்தில் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கயிற்றைப் பற்றினால் தோள்கள் குறுகி, பெல்ட் அக்குள் வழியாகக் கழன்று மேலே போய்விடும். விழப் போகிறோம் என்ற பயத்தில் உடம்பு தானாகச் செய்யும் காரியமே விழ வைக்கிறது. பழகாதவருக்கு இது நடக்காத காரியம், படம் போட்டுப் பெட்டியில் ஒட்டி வைத்தாலும் புகைக்குள் யார் படிப்பார்கள்?

2024 ஆகஸ்ட் 22 அன்று கொரியாவின் புச்சான் நகரில் ஒரு ஹோட்டல் தீப்பிடித்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் கீழே விரித்திருந்த காற்று மெத்தையில் குதித்தவர்கள், அது புரண்டுவிட்டது. ஹோட்டல் அறைகளில் இருக்க வேண்டிய இறக்கும் கருவி பல அறைகளில் இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. இருந்த அறைகளிலும் அதை எத்தனை பேருக்கு மாட்டத் தெரிந்திருக்கும் என்ற பேச்சும் அப்போதுதான் கிளம்பியது.

நம் ஊரில் இதை வாங்கி மாட்டலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் ஜன்னலைப் பார்க்க வேண்டும். திருடனுக்குப் பயந்து வெல்டிங் வைத்த கிரில் உள்ள ஜன்னலில் எந்தக் கருவியாலும் பயனில்லை, திறக்கக்கூடிய கிரில்லோ கிரில் இல்லாத பால்கனியோ வேண்டும். வாங்கும்போது கயிற்றின் நீளம் உங்கள் தளத்திலிருந்து தரை வரை எட்டுமா, அது மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் இருமுனை வகையா அல்லது ஒருவர் ஒரு தடவை மட்டும் இறங்கும் எளிய வகையா என்பதையும் பார்க்க வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு எளிய வகை ஒன்றை வாங்கி வைப்பது வீண்.

வயதானவர்களுக்கும் நடக்கச் சிரமப்படுபவர்களுக்கும் பெல்ட் கட்டி ஜன்னல் ஏறுவது ஆகாத வேலை. அவர்களுக்காக ஜப்பானிலும் கொரியாவிலும் பால்கனியில் பதிக்கும் இன்னொரு வகை இருக்கிறது. தரையில் ஒரு மூடி, திறந்தால் ஒரு சிறிய பலகை. அதன் மேல் ஏறி நின்றால் எடையின் இழுப்பிலேயே அது மெதுவாகக் கீழ்த்தளப் பால்கனிக்கு இறங்கும், காலை எடுத்ததும் தானாக மேலே திரும்பிவிடும். இங்கும் மின்சாரம் இல்லை. மேலே இழுக்கும் விசையை வெறும் பலகையின் எடையைவிட அதிகமாகவும், ஆள் ஏறிய பலகையின் எடையைவிடக் குறைவாகவும் வைத்திருப்பார்கள். ஒரு தளத்தில் இறங்கி, சற்றுத் தள்ளியிருக்கும் அடுத்த மூடியைத் திறந்து, இப்படியே தளம் தளமாகத் தரை வரை போகலாம். கட்டடம் கட்டும்போதே இடம் விட்டிருந்தால்தான் இதைப் பொருத்த முடியும்.