நீரூற்றுக்கு முன் வடிகால்: டெட்ராய்ட் பெல் ஐல் தீவுப் பூங்காவை முன்வைத்துச் சில கருத்துகள்

பழைமையான பூங்கா ஒன்றைப் புதுப்பிக்கப் போவதாக அறிவிப்பு வந்தால், அதோடு வெளியாகும் படங்களில் நீரூற்றும் சிலையும் நடைபாதை விளக்குகளும்தான் இருக்கும். பூங்கா நிலங்களின் வடிகால் அமைப்பைச் சீர்செய்வதே என் தொழில் என்பதால், நான் முதலில் கேட்பது வேறொரு தாளை. அந்த நிலத்தில் விழும் மழைநீர் எந்தத் திசையில் ஓடி, எந்தச் சாலையின் அடியில் புகுந்து, எங்கே வெளியேறுகிறது என்று காட்டும் வரைபடம் அது. பல பூங்காக்களில் அந்த வரைபடமே இருப்பதில்லை. சமவெளிப் பூங்காவுக்கு இது ஒரு குறை என்று சொல்லலாம். நான்கு பக்கமும் ஆறு சூழ்ந்த தீவுப் பூங்காவிலோ, அந்த வரைபடம் இல்லாமல் செய்யப்படும் எந்தப் பழுதுபார்ப்பும் நிலைக்காது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் ஆற்றின் நடுவே 982 ஏக்கரில் அமைந்துள்ள பெல் ஐல் இதற்குத் தக்க சான்று. 1879இல் இரண்டு லட்சம் டாலர் கொடுத்து டெட்ராய்ட் நகரம் இத்தீவை வாங்கியது. நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவைக் கால்வெர்ட் வாக்ஸுடன் சேர்ந்து வடிவமைத்த ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட், 1880களின் தொடக்கத்தில் இதற்கும் ஒரு திட்டம் வகுத்தார். தாழ்வான, களிமண் நிறைந்த, தண்ணீர் தேங்கும் நிலம் என்பதை அவர் தொடக்கத்திலேயே கணக்கில் எடுத்துக்கொண்டார். தீவின் காட்டைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டு, படகோட்டிகளுக்கும் பயன்பட்டு நிலத்தையும் வடியச் செய்யும் கால்வாய்களை அவர் அமைக்க விரும்பினார். அவருடைய திட்டத்தில் ஒரு பகுதிதான் நிறைவேறியது. பின்னர் வந்தவர்கள் கரையோரங்களில் மண் கொட்டித் தீவைப் பெரிதாக்கினார்கள். சாலைகளை உயர்த்திப் போட்டார்கள். உயர்த்திய ஒவ்வொரு சாலையும் தண்ணீருக்கு ஓர் அணைதான்.

இதன் விளைவு மிகத் தெளிவாகத் தெரிவது தீவின் ஏறத்தாழ 200 ஏக்கர் ஈரக் காட்டில். வசந்த காலத்தில் களிமண்ணின் மேல் சில அங்குல நீர் நின்று, கோடையில் வற்றிவிடும் காடு இது. மிச்சிகனில் இவ்வகைக் காடுகள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. மாநிலத்தில் அரிதான ஷூமார்ட் ஓக், பம்ப்கின் ஆஷ் ஆகிய மரங்கள் இங்கே வளர்கின்றன. இம்மரங்களுக்கு ஈரம் தேவை. ஆனால் ஆண்டு முழுவதும் வேர் தண்ணீரில் மூழ்கியிருந்தால் அவை மூச்சுத் திணறிப் பட்டுப்போகும். சாலையின் அடியில் இருக்கும் குழாய் அடைத்துக்கொண்டால் மேட்டுப் பக்கம் ஜூலையிலும் நீர் நிற்கும், மறுபக்கம் மே மாதத்திலேயே காய்ந்துவிடும். எனவே ஒரே காட்டில் சில மரங்கள் மூழ்கியும் சில மரங்கள் தாகத்தாலும் சாகும் விந்தை நிகழ்கிறது. போதாக்குறைக்கு 2002இல் டெட்ராய்ட் வட்டாரத்தில் கண்டறியப்பட்ட மரகத ஆஷ் துளைப்பான் என்னும் வண்டு ஆஷ் மரங்களை அழித்தது. அதற்கு முன் பல்லாண்டுகள் தீவில் சுற்றித்திரிந்த ஃபேலோ மான்கள் இளங்கன்றுகளை மேய்ந்து தீர்த்திருந்தன. 2004இல்தான் அவை அகற்றப்பட்டன. மூத்த மரம் சாய்ந்த இடத்தில் ஏறிவர இளமரம் இல்லாததற்கு வண்டு மட்டுமே காரணமன்று. மிச்சிகன் இயற்கை வளத் துறை இக்காட்டில் சாலைகளுக்குக் கீழே நீர் கடக்கும் வழிகளைச் சீரமைக்கும் பணியை மேற்கொண்டதை, தீவில் நடந்த பணிகளிலேயே முக்கியமானதாக நான் கருதுகிறேன். திறப்பு விழா நடத்த ஏற்ற பணியாக அது இல்லை என்பது வேறு விஷயம்.

சாலைக்கு அடியிலுள்ள குழாயைச் சோதிப்பது கடினமான வேலை அன்று. குழாயின் வாயருகே குனிந்து உள்சுவரைப் பார்த்தால் வண்டல் படிந்த கோடு ஒன்று தெரியும். அக்கோடு குழாயின் பாதி உயரத்துக்கு மேல் இருந்தால், நீர் அங்கே ஓடவில்லை, தேங்குகிறது என்று பொருள். வாயைச் சுற்றி நாணல் அடர்ந்திருந்தால் தேக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. குழாயின் மேல் சாலையோரம் சிறிய பள்ளம் விழுந்திருந்தால், இணைப்பு விட்டு மண் உள்ளே கசிகிறது; அடுத்த வெள்ளத்தில் அந்த இடம் உள்வாங்கும். இவற்றைக் காண எந்தக் கருவியும் தேவையில்லை. ஆண்டுக்கு இருமுறை, பனி உருகுவதற்கு முன்பும் இலையுதிர்வுக்குப் பின்பும், ஒருவர் நடந்து பார்த்தால் போதும்.

தீவில் இன்னொரு சிக்கல், நீர் வெளியேற வேண்டிய ஆறே ஏறி இறங்குவது. ஆற்றுக்கு மேலே இருந்து நீர் தரும் மிச்சிகன், ஹூரான் ஏரிகளின் நீர்மட்டம் 2013 ஜனவரியில் பதிவேடுகளில் இல்லாத அளவுக்குத் தாழ்ந்தது. 2019இல் செயின்ட் கிளேர் ஏரியின் மட்டம் முன்னெப்போதும் இல்லாத உயரத்தைத் தொட்டது. அந்த ஏரியின் நீர்தான் டெட்ராய்ட் ஆறாக ஓடுகிறது. அவ்வாண்டில் பெல் ஐலின் சாலைகளும் தாழ்ந்த புல்வெளிகளும் நீருக்குள் போயின. டச்சுத் தோட்ட வடிவமைப்பாளர் பீட் ஔடோல்ஃப் வடிவமைத்த மலர்த் தோட்டத்துக்கெனக் குறித்திருந்த இடமும் தப்பவில்லை. நிலத்தை உயர்த்தி, திட்டத்தைத் திருத்தி, அதன் பின்னரே நட்டார்கள். 2021இல் தோட்டம் திறக்கப்பட்டது. தாமதம் பற்றி முணுமுணுத்தவர்கள் இருந்திருக்கலாம். நடுவதற்கு முன்பே வெள்ளம் வந்தது அந்தத் தோட்டத்தின் நல்லூழ் என்றே நான் சொல்வேன்.

கட்டடங்களிலும் எதிரி நீர்தான், ஆனால் அங்கே அது ஆவியாக வருகிறது. ஆல்பர்ட் கான் வடிவமைத்து 1904இல் திறக்கப்பட்ட கண்ணாடிப் பசுமைக்கூடத்தின் குவிமாடம் முதலில் மரச்சட்டத்தில் நின்றது. கடந்த நூற்றாண்டின் நடுவில் அது உலோகச் சட்டமாக மாற்றப்பட்டது. பனைகள் வாழ வேண்டிய வெப்பமும் ஈரமும் உள்ளே. மிச்சிகனின் குளிர்காலம் வெளியே. நடுவிலுள்ள கண்ணாடியில் நீர் வியர்த்து, சட்டத்தின் இடுக்குகளில் இறங்கி, அங்கே துரு பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால், பக்கத்துக் கண்ணாடியை நெருக்கி விரிசல் விடச் செய்கிறது. கண்ணாடியை மட்டும் மாற்றிவிட்டுச் சட்டத்தை விட்டால், சில குளிர்காலங்களில் அதே மூலையில் அதே விரிசல் வரும். 2022இல் மூடப்பட்ட அந்தக் கூடம் சட்டத்தையும் கண்ணாடியையும் சேர்த்துப் பழுதுபார்த்தபின், 2024 டிசம்பரில்தான் மீண்டும் திறந்தது. இரண்டாண்டு மூடியிருந்ததில் நியாயம் உண்டு.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நகரம் 2013 ஜூலையில் திவால் மனு செய்தது. 2014 பிப்ரவரியில், உரிமை நகரத்திடமே இருக்க, 30 ஆண்டுக் குத்தகையில் பெல் ஐல் மாநிலப் பூங்கா ஆனது. காரில் வருவோர் நுழைவுச் சீட்டு எடுக்க வேண்டும். நடந்தோ சைக்கிளிலோ வருவோருக்குக் கட்டணம் இல்லை. 2005இல் மூடப்பட்ட மீன் காட்சிச்சாலை 2012இல் தன்னார்வலர்களின் உழைப்பால் திறந்ததும் இக்காலத்தை ஒட்டித்தான். ஆனால் எங்கும் நான் பார்ப்பது இதுதான்: புதிதாகக் கட்ட நன்கொடை கிடைக்கும், தூர்வாரக் கிடைக்காது. ஜேம்ஸ் ஸ்காட் என்னும் செல்வர், தம் சிலையையும் நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு நகரத்துக்குச் சொத்தை எழுதிவைத்தார். அவருடைய பெயர் ஊரில் அவ்வளவு நன்றாக இல்லாததால் பெரும் விவாதம் நடந்து, கடைசியில் காஸ் கில்பர்ட் வடிவமைத்த நீரூற்று 1925இல் தீவில் எழுந்தது. தம் பெயரில் வடிகால் குழாய் வேண்டும் என்று உயில் எழுதியவர் எவரையும் நான் அறியேன்.

எனவே நன்கொடையாளர்களிடம் பேசும் இடத்தில் இருப்பவர்கள், கட்டுமானச் செலவுடன் அதன் பராமரிப்புக்கான நிதியையும் அதே ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்ல வேண்டும். தொகை குறைவாக இருந்தால் கட்டுமானத்தைச் சிறிதாக்கிக்கொள்ளலாம். பூங்காவுக்கு வருவோர் கவனிக்க வேண்டியவையும் உண்டு. மர நிழலில் புல்மேல் காரை ஏற்ற வேண்டாம். மரத்தின் உணவு வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் இருக்கிறது, ஈரக் களிமண் ஒருமுறை இறுகினால் மீண்டும் இளகப் பல ஆண்டுகள் ஆகும். வெளியூரிலிருந்து விறகு கொண்டுவர வேண்டாம். ஆஷ் துளைப்பான் தொலைதூரம் பரவியதில் விறகுக் கட்டைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஓக் வாடல் நோயைத் தவிர்க்க, ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை நடுவரை ஓக் மரங்களைக் கவாத்து செய்யக் கூடாது என்பது மிச்சிகனில் பின்பற்றப்படும் அறிவுரை. தூய்மைப் பணிக்கு வரும் தன்னார்வக் குழுக்கள் கத்தரியை எடுக்குமுன் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.