லண்டன் – நியூயார்க்: ஒரே தூரம், இரு வேறு பயண நேரம்

லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையேயான வான்வழித் தூரம் ஏறத்தாழ 5,540 கிலோமீட்டர். ஆனால் விமான அட்டவணையில் நியூயார்க் செல்வதற்குச் சுமார் 8 மணி நேரமும், லண்டன் திரும்புவதற்குச் சுமார் 7 மணி நேரமும் குறிக்கப்பட்டிருக்கும். விமானத்துக்கு அடியில் பூமி சுழன்று விலகுவதே இதற்குக் காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். வளிமண்டலமும் பூமியுடன் சேர்ந்தே சுழல்வதால் அந்த விளக்கம் பொருந்தாது.

முதலில் அந்தத் தூரம் எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்போம். நில உருண்டை ஒன்றின் மீது இரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது லண்டனைவிட வடக்கே வளைந்து, அயர்லாந்து, நியூஃபவுண்ட்லாந்து ஆகியவற்றை ஒட்டிச் செல்லும். பெருவட்டப் பாதை எனப்படும் இதுவே மிகக் குறுகிய வழி. தட்டையான வரைபடத்தில் நேர்கோடாகத் தெரியும் வழியில் சென்றால் 200 கிலோமீட்டருக்கும் மேல் கூடுதலாகப் பறக்க வேண்டியிருக்கும்.

நேர வேறுபாட்டுக்குக் காரணம், ஏறத்தாழ 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம். வெப்ப மண்டலத்துக்கும் துருவப் பகுதிக்கும் இடையேயான வெப்பநிலை வேறுபாடு இக்காற்றை உருவாக்குகிறது; பூமியின் சுழற்சி அதைக் கிழக்கு நோக்கித் திருப்பிவிடுகிறது. வெப்பநிலை வேறுபாடு மிகுந்திருக்கும் குளிர்காலத்தில் இது மேலும் வலுப்பெறும். ஜப்பானிய வானிலையாளர் வசபுரோ ஓயிஷி 1920-களிலேயே பலூன்களைப் பறக்கவிட்டு இத்தகைய காற்றை அளந்து பதிவு செய்திருந்தார்.

விமானம் காற்றுக்குள் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்றும், காற்றின் வேகம் வழி முழுவதும் 150 கிலோமீட்டர் என்றும் கொள்வோம். கிழக்கே செல்லும்போது தரையைப் பொறுத்த வேகம் 1,050 ஆகிவிடுவதால் 5 மணி 17 நிமிடம் போதும். மேற்கே அது 750 ஆகக் குறைவதால் 7 மணி 23 நிமிடம் பிடிக்கும். காற்றே இல்லையென்றால் போய்வர ஆகும் மொத்த நேரம் 12 மணி 19 நிமிடம்; காற்றுடனோ 12 மணி 40 நிமிடம். எதிர்க்காற்றில் பறக்கும் நேரமே அதிகம் என்பதால், இழப்பது எப்போதும் ஈட்டுவதைவிடக் கூடுதலாகவே இருக்கும். இந்த எளிய கணக்கில் மிக முக்கியமாக நான் கருதுவது இதைத்தான். (அட்டவணை நேரத்தில் ஓடுதளத்துக்குச் செல்வதும் காத்திருப்பதும் சேர்வதால் அது இன்னும் நீளும்.)

2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று, நியூயார்க்கிலிருந்து லண்டனை 4 மணி 56 நிமிடத்தில் அடைந்தது. தரையைப் பொறுத்த அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியபோதும், சுற்றியிருந்த காற்றுக்குள் அது ஒலியின் வேகத்தைவிடக் குறைவாகவே பறந்தது.

இதனால்தான் வட அட்லாண்டிக் வான்தடங்கள் நாள்தோறும் காற்றின் முன்கணிப்பைப் பார்த்துப் புதிதாக வகுக்கப்படுகின்றன. கிழக்கே செல்வோருக்கு ஜெட் காற்றோட்டத்தினூடே வழி அமையும். மேற்கே செல்வோர், தூரம் கூடினாலும், அதை விலக்கியே பறப்பர். கரியமில வாயு இரட்டிப்பானால் இக்காற்று வலுத்து, அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்கள் அனைத்தும் சேர்ந்து ஆண்டுக்கு 2,000 மணி நேரம் கூடுதலாகப் பறக்க நேரிடும் என்று ரெடிங் பல்கலைக்கழகத்தின் பால் வில்லியம்ஸ் 2016-இல் கணித்தார்.