இறந்தவர் பட்டியலை யார் எழுதுவது? பழைய யூகோஸ்லாவியாவில் எல்லை தாண்டிய ஆவணப் பணி

குரோஷியாவில் சாவா ஆற்றங்கரையில் யசெனோவட்ஸ் என்றொரு ஊர் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளின் கூட்டாளியாகக் குரோஷியாவை ஆண்ட உஸ்தாஷா ஆட்சி அங்கே வதைமுகாம் நடத்தி செர்பியர்கள், யூதர்கள், ரோமா மக்களைக் கொன்றது. யூகோஸ்லாவியா என்ற நாடு இருந்தவரை அங்கே இறந்தவர்கள் 7 லட்சம் பேர் என்றுதான் அதிகாரபூர்வமாகச் சொல்லி வந்தார்கள். குரோஷிய தேசியவாதிகளோ சில பத்தாயிரம்தான் என்று சாதித்தார்கள். இரு தரப்பிடமும் முழுமையான பெயர்ப் பட்டியல் இல்லை. 1980களின் கடைசியில் தேசியவாதம் கிளம்பியபோது இந்த இரண்டு எண்களையும் மேடைக்கு மேடை முழங்கினார்கள். "மறுபடியும் நம்மை அழிக்கப் பார்க்கிறார்கள்" என்று ஒரு பக்கமும், "பொய்க் கணக்குச் சொல்லி நம்மைக் குற்றவாளியாக்குகிறார்கள்" என்று மறுபக்கமும் ஆட்களைத் திரட்ட அவை உதவின. பிற்பாடு அங்குள்ள நினைவகம் ஆள் ஆளாகத் தேடித் தொகுத்த பட்டியலில் இருப்பவை 83,145 பெயர்கள். பட்டியல் வருவதற்குள் அடுத்த போர் வந்து முடிந்திருந்தது.

போருக்குப் பின் அண்டை நாடுகளை இணைக்கும் குடிமைச் சமூகப் பணி என்றதும் இளைஞர் முகாம், கலைவிழா, கூட்டு அறிக்கை என்றுதான் நம் மனம் போகிறது. அவற்றைத் தள்ளிவிட முடியாது. பிரெஞ்சு-ஜெர்மன் இளைஞர் அலுவலகத்தை முன்மாதிரியாகக் கொண்டு தென்கிழக்கு ஐரோப்பாவின் மேற்கு பால்கன் பகுதியில் உள்ள ஆறு அரசுகளும் 2016இல் ஒரு இளைஞர் ஒத்துழைப்பு அலுவலகம் தொடங்கின. தலைமையகம் அல்பேனியத் தலைநகர் டிரானாவில் இருக்கிறது, நல்ல வேலைதான் செய்கிறது. ஆனால் முகாமில் நண்பர்களான இரண்டு பிள்ளைகள் வீடு திரும்பியதும் ஆளுக்கொரு இறப்புக் கணக்கைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கணக்கு பொதுவாகாதவரை நட்பு முகாமோடு நின்றுவிடுகிறது. பால்கனில் நிலைத்து நின்ற வேலை எது என்று கேட்டால், எல்லைக்கு இருபுறமும் உள்ள அமைப்புகள் ஒரே விதிமுறையில் இறந்தவரையும் காணாமல் போனவரையும் பெயர் பெயராக எழுதியதுதான்.

யூகோஸ்லாவியா உடைந்து 1991 முதல் 2001 வரை நடந்த போர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,30,000 பேர். கொலை ஒரு நாட்டில் நடந்திருக்கும். புதைகுழி இன்னொரு நாட்டில் இருக்கும். சாட்சி அகதியாகி மூன்றாவது நாட்டில் இருப்பார், கட்டளைக் கோப்பு வேறொரு தலைநகரில் கிடக்கும். குற்றவாளி எல்லை தாண்டிவிட்டால், சொந்தக் குடிமக்களை ஒப்படைக்க மறுக்கும் சட்டங்கள் குறுக்கே நின்றன. எந்த ஒரு நாட்டின் அமைப்பாலும் தனியாக இதை முடிக்க முடியாது. ஆகவேதான் செர்பியாவின் பெல்கிரேடில் நடாஷா கான்டிச் 1992இல் தொடங்கிய மனிதாபிமானச் சட்ட மையமும், குரோஷியாவின் சாக்ரெபில் வெஸ்னா டெர்ஷெலிச் வழிநடத்திய டாக்குமெண்டா என்ற அமைப்பும், போஸ்னியாவின் சரயேவோவில் மிர்சாத் டோகாச்சாவின் ஆய்வு ஆவண மையமும் கைகோத்தன.

இந்தக் கூட்டு எதைச் சாதிக்கும் என்பதற்கு 2005 ஜூன் மாதமே போதும். போஸ்னிய-செர்பியப் படை 1995இல் ஆயிரக்கணக்கான போஸ்னிய முஸ்லிம்களைக் கொன்ற ஸ்ரெப்ரெனிட்சாவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட ஆறு பேரை ட்ர்னோவோ அருகே 'ஸ்கார்பியன்ஸ்' என்ற செர்பியப் படைப்பிரிவினர் சுட்டுக் கொன்றதை அவர்களே வீடியோ எடுத்து வைத்திருந்தார்கள். அந்த நாடாவைக் கண்டெடுத்தது பெல்கிரேடு மையம். யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த ஹேக் சர்வதேச நீதிமன்றத்திலும் செர்பியத் தொலைக்காட்சியிலும் அது ஓடிய சில நாட்களில் கைதுகள் நடந்தன. 2007இல் பெல்கிரேடு நீதிமன்றமே தண்டனை வழங்கியது. போஸ்னியத் தாய்மார் பெல்கிரேடு நீதிமன்றத்தில் வந்து உட்கார்ந்தது சின்ன விஷயமில்லை. அவர்களை அழைத்து வந்து, தங்க வைத்து, கூடவே இருந்தவர்கள் செர்பியர்கள்.

பட்டியல் வேலையின் நுணுக்கத்துக்கு வருவோம். ஒரு ஆளுக்கு ஒரு அட்டை. அதில் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், வசித்த ஊர், இறந்த இடம், தேதி, எப்படி இறந்தார், அப்போது படையாளா பொதுமகனா, ஒவ்வொரு தகவலுக்கும் ஆதாரம் எது. கேட்க எளிதாகத்தான் இருக்கும். இடர் வருவது ஒரே ஆளைப் பற்றி ஐந்து இடத்திலிருந்து ஐந்து தாள் வந்து சேரும்போது. செஞ்சிலுவைச் சங்கத்தின் காணாமல் போனோர் பட்டியல், படைப்பிரிவின் பதிவு, கல்லறைக் கல், செய்தித்தாள் இரங்கல், குடும்பத்தார் வாக்குமூலம் ஐந்தும் ஐந்து விதமாக இருக்கும். செர்பியக் கோப்பு சிரில்லிக் எழுத்தில் இருக்கும், போஸ்னியக் கோப்பு லத்தீன் எழுத்தில். ஹோஜா என்ற குடும்பப் பெயரை அல்பேனியர் எழுதும் எழுத்துக்கூட்டல் வேறு, செர்பிய போலீஸ் எழுதும் எழுத்துக்கூட்டல் வேறு. ஒரே கிராமத்தில் அதே பெயருடைய மூன்று பேர் இருப்பார்கள். தந்தை பெயரும் பிறந்த ஆண்டும் இல்லாமல் பெயரை மட்டும் வைத்துச் சேர்த்தால் ஒருவர் மூன்று முறை இறப்பார், அல்லது மூன்று பேர் ஒருவராகிவிடுவார்கள். கணக்கு ஊதிப்போவதற்கு வேண்டுமென்று சொல்லும் பொய் ஒரு காரணம்தான். இந்தப் பிரதிகளை நீக்காமல் கூட்டிவிடுவதும் அதற்குக் குறையாத காரணம். (தமிழில் இப்படிப்பட்ட பட்டியல் தொகுப்பவர்களுக்கு இது நன்றாகவே புரியும். தலைப்பெழுத்து மட்டும் இருக்கும் தாளும், ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதப்பட்ட ஒரே பெயரும் இங்கும் உள்ள தொல்லைதான். தலைப்பெழுத்தை விரித்து முழுத் தந்தை பெயரை வாங்கிவிடுங்கள்.)

போஸ்னியாவில் 2 லட்சம் பேர், அதற்கும் மேல் என்றுதான் போர்க்காலம் முதல் உலகம் எழுதியது. டோகாச்சாவின் குழு 2007இல் வெளியிட்ட தரவில் 97,207 பெயர்கள் இருந்தன. மேலும் சரிபார்த்த பின் நின்றவை 95,940. சொந்த மக்களே அவரைச் சாடினார்கள். இழப்பைக் குறைத்துக் காட்டுகிறார், குற்றவாளிகளுக்குத் துணை போகிறார் என்றார்கள். பட்டியலை நிதானமாகப் படித்தால் நடந்தது நேர்மாறு. 95,940இல் பொதுமக்கள் 38,239. அதில் 31,107 பேர் போஸ்னியாக்குகள் எனப்படும் போஸ்னிய முஸ்லிம்கள், அதாவது ஐந்தில் நான்கு பேர். யார் மீது பெரும் தாக்குதல் நடந்தது என்பதை மொத்த எண்ணைவிட இந்த உள்விவரம் உரக்கச் சொல்கிறது. 2 லட்சம் என்ற எண்ணை எதிராளி ஒரு வாக்கியத்தில் மறுத்துவிடலாம். 31,107 பெயர்களை ஒவ்வொன்றாகத்தான் மறுக்க முடியும்.

'படையாளா, பொதுமகனா' என்ற கட்டத்தில்தான் அதிகம் வழுக்கும். போஸ்னியாவில் இறந்த படைவீரரின் குடும்பத்துக்குக் கிடைத்த உதவித்தொகை, கொல்லப்பட்ட பொதுமகனின் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை. வறுமையில் இருந்த குடும்பங்கள் இறந்தவரை இறந்த பிறகு படைப் பதிவில் சேர்த்துக்கொண்டன. அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் தொகுப்பவர் அந்தப் படைப் பதிவை அப்படியே ஏற்றால், வீட்டு வாசலில் கொல்லப்பட்ட விவசாயி போர்முனையில் விழுந்த வீரராகிவிடுவார், குற்றம் மறைந்துபோகும். எனவே பதிவை மட்டும் பார்க்காமல் இறந்த இடம், உடனிருந்தவர், அன்று அங்கே நடந்தது மூன்றையும் கேட்க வேண்டும். உதவித்தொகை அலுவலகத்துக்கு இந்தத் தகவல் போகாது என்ற உறுதியை முதலிலேயே கொடுத்து, அதைக் காப்பாற்றவும் வேண்டும். இல்லையென்றால் குடும்பம் வாயே திறக்காது.

தேதி எல்லையும் அப்படித்தான். கொசோவோவில் இறந்தவர்களின் பட்டியலான கொசோவோ நினைவுப் புத்தகத்தைப் பெல்கிரேடு மையமும் கொசோவோத் தலைநகர் பிரிஸ்டினாவில் உள்ள அதன் சகோதர அமைப்பும் சேர்ந்து தொகுத்தன. 1998 ஜனவரி 1 முதல் 2000 டிசம்பர் 31 வரை என்று வரம்பு வைத்தார்கள். செர்பியப் படைக்கும் அங்குள்ள அல்பேனியர்களுக்கும் இடையிலான போர் 1999 ஜூனில் முடிந்துவிட்டது. அங்கேயே கோடு போட்டிருந்தால், செர்பியப் படை விலகிய பின் பழிவாங்கலில் கொல்லப்பட்ட செர்பியர்களும் ரோமா மக்களும் பட்டியலுக்கு வெளியே விழுந்திருப்பார்கள். கோட்டைத் தள்ளிப் போட்ட பட்டியலில் மொத்தம் 13,535 பெயர்கள் சேர்ந்தன: 10,812 அல்பேனியர்கள், 2,197 செர்பியர்கள், 526 ரோமா, போஸ்னியாக் உள்ளிட்ட பிறர். 2015இல் வெளியிலிருந்து வந்த புள்ளியியல் வல்லுநர்கள் வேறு பல பட்டியல்களோடு ஒப்பிட்டு, பதிவாகாத இறப்பு அநேகமாக இல்லை என்று சொன்னார்கள். என் தரப்பு வென்ற நாளோடு கணக்கை மூடாமல் இருப்பதற்குத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் இல்லாத பட்டியலை எதிர்த்தரப்பு கையில்கூடத் தொடாது.

வாக்குமூலம் வாங்கும்போது நடக்கும் தவறுகள் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். "அவர்கள்தானே சுட்டார்கள்?" என்று பதிலைக் கேள்விக்குள் வைப்பது, அண்டை வீட்டார் ஐந்து பேரை ஒரே அறையில் உட்கார வைத்துக் கேட்பது, பிறகு ஐந்து வாக்குமூலமும் ஒன்றுபோல் இருப்பதைப் பார்த்து உறுதியாகிவிட்டது என்று நினைப்பது. தனித்தனியாகக் கேளுங்கள். எங்கே நின்றீர்கள், எவ்வளவு தூரம், கண்ணால் பார்த்ததா காதால் கேட்டதா என்று பிரித்து எழுதுங்கள். ஒரே தாயிடம் நான்கு அமைப்புகள் நான்கு முறை அதே கதையைச் சொல்ல வைப்பது கொடுமை. வாக்குமூலத்தைப் பகிர அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்கி, அமைப்புகளுக்குள் பகிர்ந்துகொள்வதே மரியாதை.

காணாமல் போனோர் விஷயத்தில் அறிவியல் பெரிதும் உதவியது. அந்தப் போர்களில் காணாமல் போன ஏறத்தாழ 40,000 பேரில் 70 சதவீதத்துக்கும் மேலானோர் பற்றித் தெரிந்துவிட்டது. இந்த அளவு வேறெங்கும் எட்டப்படவில்லை. 1996இல் தொடங்கிய காணாமல் போனோருக்கான சர்வதேச ஆணையம் உறவினரின் விரல் நுனியில் குத்திச் சில துளி ரத்தத்தை அட்டையில் எடுத்து, எலும்பின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டது. தாய், தந்தை, பிள்ளை, உடன்பிறந்தோர் ரத்தம்தான் நன்றாகப் பயன்படும். ஒருவரின் ரத்தம் பல நேரம் போதாது. இரண்டு சகோதரர்கள் ஒன்றாகக் காணாமல் போய், பிள்ளைகளும் இல்லையென்றால், பெற்றோரின் ரத்தம் 'இது உங்கள் மகன்' என்று சொல்லும், எந்த மகன் என்று சொல்லாது. அப்போது வயது, உயரம், பல், உடுப்பு என்று பழைய வழிக்குத்தான் திரும்ப வேண்டும்.

ஸ்ரெப்ரெனிட்சாவில் வேலை இன்னும் கடினமானது. 1995 ஜூலையில் புதைத்த உடல்களைச் சில வாரங்கள் கழித்து இயந்திரத்தால் தோண்டி லாரியில் ஏற்றி வேறு குழிகளில் கொட்டினார்கள். ஒரே மனிதரின் எலும்புகள் பல குழிகளில் சிதறின. கோஸ்லுக் என்ற இடத்தில் முதற்குழி ஒரு பாட்டில் தொழிற்சாலையின் கழிவுக் கண்ணாடி கொட்டும் நிலத்தில் இருந்தது. அதே கண்ணாடித் துண்டுகள் தொலைவில் சான்சாரி சாலையோரக் குழிகளிலும் கிடைக்க, இரண்டையும் இணைக்க முடிந்தது. குடும்பத்துக்கு வரும் முதல் தொலைபேசி அழைப்பு ஒரு தொடை எலும்பைப் பற்றியதாக இருக்கலாம். இப்போதே அடக்கம் செய்வதா, மீதி கிடைக்கும்வரை காத்திருப்பதா என்பதைக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும். பிறகு கிடைத்தால் கல்லறையைத் திறக்கலாமா என்பதையும் அதே நாளில் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இந்தச் செய்தியை அலுவலகக் கடிதமாக அனுப்பக் கூடாது. ஆள் நேரில் போக வேண்டும்.

அரசுகள் இந்தக் கூட்டு வேலையில் எவ்வளவு தூரம் வரும் என்பதையும் நேராகப் பார்த்துவிடுவது நல்லது. மூன்று மையங்களும் 2006இல் ஆரம்பித்த ஆலோசனை, 2008இல் பிரிஸ்டினாவில் ரெகோம் என்ற கூட்டணியானது. எல்லா நாடுகளும் சேர்ந்து ஒரு அதிகாரபூர்வ உண்மை ஆணையம் அமைக்க வேண்டும் என்பது கோரிக்கை. 2011இல் சட்டவரைவு தயாரானது, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். 2018இல் லண்டன் உச்சிமாநாட்டில் அரசுகள் கையெழுத்திடும் என்று காத்திருந்தார்கள், நடக்கவில்லை. 2019இல் அந்த எதிர்பார்ப்பை விட்டுவிட்டு, பட்டியலைத் தாங்களே முடிப்பது என்று அமைப்புகள் தீர்மானித்தன. அரசின் கையெழுத்துக்காகக் காத்திருந்த அத்தனை ஆண்டுகளிலும் பட்டியல் வேலையை நிறுத்தாமல் வைத்திருந்ததால்தான் அந்தத் தீர்மானம் சாத்தியமானது. காணாமல் போனோர் குறித்த கூட்டறிக்கை மட்டும் அதே லண்டனில் 2018இல் கையெழுத்தானது, காரணம் எல்லாத் தரப்புக் குடும்பச் சங்கங்களும் அதற்குப் பின்னால் ஒன்றாக நின்றன.

பணம் கொடுப்போருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வருடத் திட்டம், முடிவில் அறிக்கை, புகைப்படம் என்ற அச்சில் இந்த வேலை அடங்காது. இடையில் நிதி நின்றால் பயிற்சி பெற்ற நேர்காணலாளர் போய்விடுவார், அவரை நம்பிப் பேசிய கிராமம் அடுத்தவரிடம் பேசாது.

முன்னாள் வீரர்களைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கும் அமைப்புகள் அதிகம். சரயேவோவிலும் பெல்கிரேடிலும் இயங்கும் வன்முறையற்ற செயல்பாட்டு மையம் தயங்கவில்லை. எதிரெதிர் அணியில் நின்று சுட்டுக்கொண்டவர்களை ஒன்றாக அழைத்துப் போய், எல்லாத் தரப்பு நினைவிடங்களிலும் மலர் வைக்கச் செய்கிறது. பலகை வைக்க உள்ளூர் அதிகாரம் அனுமதிக்காத பள்ளிக்கூடங்களிலும் கிடங்குகளிலும், அங்கே மனிதர்கள் வதைக்கப்பட்டார்கள் என்று ஒரு தற்காலிக அறிவிப்பை ஒட்டிப் படம் எடுத்து வெளியிடுகிறது. புதைகுழி எங்கே என்று தெரிந்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பழைய வீரர்கள் வட்டத்தில்தான் இருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னும் பத்தாயிரம் பேரளவில் கிடைக்கவில்லை. குழிகள் மட்டும் காரணமில்லை. பிரிஸ்டினா பிணவறையில் ஏறத்தாழ 300 பேரின் எச்சங்கள் எந்த ரத்தத்தோடும் பொருந்தாமல் வருடக்கணக்கில் கிடக்கின்றன. 1999இல் டிஎன்ஏ பரிசோதனை வருமுன், சட்டையையும் பல்லையும் பார்த்து அடையாளம் சொல்லி அடக்கம் செய்த குடும்பங்கள் பல. அதில் சில உடல்கள் மாறிப்போயின. தங்கள் மகனைப் புதைத்துவிட்டதாக நம்பும் அந்தக் குடும்பங்கள் தேடுவதும் இல்லை, ரத்தம் கொடுப்பதும் இல்லை. அவர்களுடைய உண்மையான மகன் பிணவறையில் இருக்கலாம். கல்லறையில் இருப்பவரை வேறொரு தாய் தேடிக்கொண்டிருக்கலாம். அந்த வீட்டுக் கதவைத் தட்டி, இருபத்தைந்து வருடமாகப் பூ வைத்துவரும் கல்லறையைத் திறந்து பார்க்கலாமா என்று எந்த அதிகாரியாலும் கேட்டுவிட முடியாது. தன் பிள்ளையையும் தேடிக்கொண்டிருக்கும் இன்னொரு தாய் போய் உட்கார்ந்து கேட்டால் சில வீடுகளில் சம்மதிப்பார்கள். குடும்பச் சங்கங்கள் இப்போது செய்ய வேண்டியிருப்பது இந்த வேலைதான். ரத்தம் கொடுக்க வேண்டிய பெற்றோருக்கு வயது எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது.