நீரா எப்போது கள்ளாகிறது?

பொள்ளாச்சியிலோ ஆனைமலையிலோ தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் உரிமம் வாங்கிக்கொண்டு பாளைச் சாறை இறக்கி விற்கலாம். அதற்குப் பெயர் நீரா. 2017-இல் தமிழ்நாடு அரசு அதற்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. அதே சாறு நொதித்துவிட்டால் கள். கள் இறக்குவதும் விற்பதும் இங்கே 1987 முதல் குற்றம். மீனாட்சிபுரம் தாண்டிப் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்ப் பக்கம் போனால் அதே கள் உரிமக் கடையில், வரி கட்டி விற்பனையாகிறது. மது பற்றிய சட்டம் இயற்றும் அதிகாரம் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் இருப்பதால் எல்லைக்கு இரண்டு பக்கமும் இரண்டு விதி. சாறு என்னவோ ஒன்றுதான். அதில் நுண்ணுயிர்கள் எவ்வளவு நேரம், எந்த வெப்பத்தில் வேலை செய்தன என்பதே நீராவையும் கள்ளையும் பிரிக்கிறது.

சாறு எங்கிருந்து வருகிறது? ஓலைகளில் தயாராகும் சர்க்கரையைப் பூவுக்கும் குரும்பைக்கும் கொண்டுபோவது புளோயம் என்னும் திசு. விரியும் பருவத்துக்கு நெருங்கிய, ஆனால் இன்னும் விரியாத பாளையைத் தேர்ந்தெடுத்து, வெடிக்காதபடி கயிற்றால் இறுகச் சுற்றிக் கட்டுவார்கள். பிறகு ஒரு வாரம், சில மரங்களில் பத்து நாள், காலையும் மாலையும் சிறு கட்டையால் சுற்றிலும் தட்டி, பாளையை மெல்ல மெல்லக் கீழே வளைப்பார்கள். தட்டும் பக்குவத்தில்தான் தொழிலே இருக்கிறது. ஓங்கித் தட்டினால் உள்ளே பூக்கள் நசுங்கிப் பாளை அழுகும். பட்டும் படாமலும் தட்டினால் சாறு இறங்காது. நுனியை வெட்டியபின் தினமும் இரண்டு வேளை தாளளவு மெல்லியதாகச் சீவிக்கொண்டே வர வேண்டும். மரம் தன் காயத்தைத் தானே அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்பை நீக்கத்தான் இந்தச் சீவல். தடிமனாகச் சீவினால் சாறு கூடாது, பாளைதான் சீக்கிரம் தீர்ந்துபோகும். நல்ல மரம் ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை தரும்.

சொட்டும் நேரத்தில் சாறு தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். லிட்டருக்குச் சுமார் 150 கிராம் சர்க்கரை, பெரும்பாலும் சுக்ரோஸ். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் 7-க்குச் சற்று மேல்; இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும். இனிப்பும் அமினோ அமிலங்களும் தாது உப்புகளும் சேர்ந்து இருப்பதால் நுண்ணுயிர்களுக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது. வெட்டுவாயிலும் எறும்பின் காலிலும் பழைய கலயத்தின் சுவரிலும் அவை ஏற்கெனவே காத்திருக்கின்றன.

முதலில் கை ஓங்குவது லியூகோநாஸ்டாக் போன்ற லாக்டிக் பாக்டீரியாக்கள். பிஎச் மளமளவென்று இறங்கும், சாறு வெளுத்து லேசாகக் கொழகொழக்கும். அமிலம் கூடக் கூட ஈஸ்டுக்குக் கொண்டாட்டம். சாக்கரோமைசஸ் செரிவிசியே தன் இன்வர்டேஸ் நொதியால் சுக்ரோஸை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று உடைத்து, அவற்றை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. கள்ளின் நுரை இந்த வாயுதான். ஈஸ்டோடு ஸைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் சேர்ந்து ஆல்கஹால் தயாரிக்கிறது. கொங்கு நாட்டுச் சித்திரை வெயிலில் சில மணி நேரத்திலேயே 4 சதவீதம் வரை ஏறிவிடும். ஒரு நாள் கடந்தால் அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியா காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்கத் தொடங்கும். கள் புளித்துக் காடியாகும்.

நீரா இறக்குபவரின் வேலை, இந்தக் கடிகாரத்தை முதல் நொடியிலேயே நிறுத்துவது. பனம் பதநீருக்குக் காலங்காலமாகச் செய்வது கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசுவது. பிஎச் 11-ஐ நெருங்கினால் ஈஸ்டால் பிழைக்க முடியாது. ஆனால் சுண்ணாம்பு வாடை தங்கும், சர்க்கரை காய்ச்சும்போது அதைப் பிரித்தெடுக்க வேண்டிய வேலையும் வரும். தென்னை நீராவுக்கு இன்று நம்பத்தக்க வழி குளிர்ச்சி. காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வடிவமைத்த குளிர்கலம் ஒரு பிவிசி குழாய். உள்ளே ஐஸ்கட்டி, நடுவில் சாறு சேரும் பை, வெளியே வெப்பத்தடுப்பு உறை. பாளையின் நுனியே இந்தக் குழாய்க்குள் இருப்பதால் எறும்பும் தூசியும் புகாது.

கோளாறு எங்கே வரும் என்பது அனுபவசாலிகளுக்குத் தெரியும். மதியத்துக்குள் ஐஸ் கரைந்துவிடும் மரத்தில் மாலைச் சாறு எப்போதும் புளிப்பு. கள் இறக்குபவர் அடிமண்டியைக் கலயத்திலேயே விட்டுவைப்பார். அடுத்த வேளைச் சாறுக்கு அதுவே உறை. நீராவுக்கு அந்தப் பழக்கம் ஆகவே ஆகாது. பையும் கேனும் வெந்நீரில் அலசிக் காய வேண்டும். எல்லாவற்றையும்விட மோசமானது, சேகரிப்பு நிலையத்தில் ஒரு கேனைச் சோதிக்காமல் தொட்டியில் ஊற்றிவிடுவது. நுரைத்த ஒரு கேன் முழுத் தொட்டியையும் கெடுக்கும். ஒவ்வொரு கேனையும் பிஎச் தாள் வைத்துப் பார்த்து, 6-க்குக் கீழே போனதைத் தனியே ஒதுக்குவதுதான் பாதுகாப்பு. நொதித்த சாறில் சர்க்கரை காய்ச்சலாம் என்று நினைத்தாலும் நடக்காது: சுக்ரோஸ் உடைந்துபோனதால் எவ்வளவு கிண்டினாலும் மணி கட்டாமல் பாகாகவே நிற்கும்.

இனி அளவுக்கு வருவோம், ஏனென்றால் வழக்கு நிற்பதே அதில்தான். 342 கிராம் சுக்ரோஸ் முழுவதும் நொதித்தால் 184 கிராம் எத்தனால் கிடைக்கும். லிட்டரில் 150 கிராம் சர்க்கரை இருந்தால் 80 கிராமுக்கு மேல் ஆல்கஹால், அதாவது ஏறத்தாழ 100 மில்லி, கொள்ளளவில் 10 சதவீதம். இது கணக்கு மட்டுமே. பாக்டீரியா ஒரு பங்கைத் தின்னும், கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் சர்க்கரை மிச்சமிருக்கும். அதனால் நல்ல கள் பெரும்பாலும் 5 முதல் 8 சதவீதத்தில் நிற்கும். கேரளம் தென்னங்கள்ளுக்கு முன்பு வைத்த உச்சவரம்பு 8.1 சதவீதம். அது நீதிமன்றம் வரை போனதற்குக் காரணம் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. சர்க்கரை நிறைந்த சாறு, நல்ல ஈஸ்ட், வெப்பமான நாள் மூன்றும் கூடினால் கலப்படமே இல்லாத கள்ளும் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடும்.

தோப்பில் பயன்படுத்தும் பிரிக்ஸ் மீட்டரை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. அது ஒளி வளைவதைப் பார்த்து இனிப்பைக் கணிக்கும் கருவி; ஆல்கஹாலும் ஒளியை வளைக்கும் என்பதால், சர்க்கரை முற்றும் தீர்ந்த கள்ளிலும் ஏதோ மிச்சமிருப்பதாகக் காட்டும். சரியான முறை, 200 மில்லி மாதிரியைக் காய்ச்சி வடித்து, வடிநீரை மறுபடி 200 மில்லியாக நிரப்பி, 20 டிகிரியில் அடர்த்தி பார்ப்பது. மாதிரி எடுத்த உடனே ஐஸில் வைக்காவிட்டால் அந்தச் சோதனைக்கும் அர்த்தமில்லை. ஆய்வகம் போய்ச் சேரும் வழியிலேயே நீரா கள்ளாகிவிடும். குற்றமே செய்யாதவர் மாட்டுவார். இந்த ஒரு விஷயத்தில் அதிகாரிகளும் விவசாயிகளும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

கள்ளில் எரிசாராயம் கலந்திருக்கிறதா என்பதையும் வேதியியல் சொல்லும். ஆல்கஹாலும் அதிகம், மிச்சச் சர்க்கரையும் அதிகம் என்றால் சந்தேகப்பட வேண்டும். இன்னும் நுட்பமான வழி கார்பன்-13 விகிதம். தென்னை சி3 வகைத் தாவரம், கரும்பு சி4 வகை. இரண்டும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் வேறு என்பதால், கரும்பு ஆலைச் சாராயமோ கரும்புச் சர்க்கரையோ சேர்ந்திருந்தால் விகிதம் மாறிக் காட்டிக்கொடுக்கும். உயிர் குடிக்கும் மெத்தனால் கள்ளின் நொதித்தலில் ஆபத்தான அளவுக்கு உருவாவதில்லை. 2024-இல் கள்ளக்குறிச்சியில் நடந்தது தொழிற்சாலை மெத்தனால் கலந்த சாராயத்தால். இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவது ஆபத்தை மறைக்கிறது.

மதுவிலக்கின் வரலாறும் இந்த மண்ணோடு ஒட்டியதுதான். ஈரோட்டுப் பெரியார் 1921-இல் சேலம் தாதம்பட்டியிலிருந்த தன் தோப்பில் 500 தென்னைகளை வெட்டச் சொன்னார். மதராஸ் மாகாணத்தின் முதல் மதுவிலக்கு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கியது. அன்று மரத்தை வெட்டுவது தவிர வேறு வழி தெரியவில்லை. இன்று ஐஸும் பிஎச் தாளும் இருக்கின்றன.

நொதித்துவிட்ட சாறுக்கு எல்லையின் இந்தப் பக்கம் விற்பனை வழி கிடையாது. இன்னும் பல வாரம் விட்டு, அசிட்டிக் அமிலம் 100 மில்லிக்கு 3.75 கிராமைத் தொட்டபின் அது உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி வினிகர். ஆனால் அங்கே போய்ச் சேரும் வழியில் அது கள்ளாகவே இருந்தாக வேண்டும். அதனால் தென்னை வினிகர் தயாரிக்க நினைப்பவர் பாளையைக் கட்டும் முன்பே மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையிடம் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.