போர்டில் லைட் எரிகிறதே, அப்புறம் ஏன் ஆன் ஆகவில்லை?

இந்தக் கேள்வியோடு என் கம்ப்யூட்டர் கடைக்கு ஆள் வருவது இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. சனிக்கிழமை இரவு கடை சாத்தும் நேரத்துக்கு ஒரு பையன் அப்பாவோடு வந்தான். இன்ஜினியரிங் முதல் வருடம். கேபினட்டை, அதாவது கம்ப்யூட்டரின் வெளிக்கூட்டை, அப்பா தூக்கிக்கொண்டு வர, பையன் பாகங்களெல்லாம் மாட்டுகிற பலகையான மதர்போர்டைப் பெட்டியில் போட்டுத் தனியாகப் பிடித்திருந்தான்.

"அண்ணா, புது போர்டு டெட். மாத்திக் கேட்டா வாங்கின கடையில முடியாதுங்கறாங்க."

டெட் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "போர்டுல வெள்ளை லைட் எரியுது, அப்போ எஸ்.எம்.பி.எஸ். ஓகே. பட்டனை அழுத்தினா ஒண்ணுமே நடக்கல. அப்போ போர்டுதானே?" எஸ்.எம்.பி.எஸ். என்பது சுவரிலிருந்து வரும் கரண்ட்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் பெட்டி.

பெட்டியைத் திறந்து, கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் சிப் உட்காரும் சாக்கெட்டை லென்ஸில் பார்த்தேன். மூன்று பின் வளைந்திருந்தது. பிராசசரை எத்தனை முறை கழற்றி மாட்டினாய் என்றேன். நான்கு முறையாம். சரி, முதலில் என்னதான் கோளாறு என்று பார்க்கலாம் என்று போர்டைக் கேபினட்டில் வைத்து, அவன் ஒயர் மாட்டியிருந்தபடியே மாட்டச் சொன்னேன். பவர் பட்டனிலிருந்து வரும் இரண்டு முனை ஒயரை, பக்கத்திலிருந்த ஸ்பீக்கர் பின்னில் கொண்டுபோய்ச் செருகினான். அவ்வளவுதான் கோளாறு. சரியான இடத்தில் மாற்றி அழுத்தியதும் ஃபேன் சுற்றியது. ஆனால் டிஸ்ப்ளே வரவில்லை. அது பின்கள் வளைந்ததால் வந்த வினை. இரண்டு நிமிட வேலைக்கு ஒரு போர்டைக் காவு கொடுக்கப் பார்த்தான்.

அந்த லைட் விஷயத்தை இன்றைக்குக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் இருப்பது ஒரு சப்ளை அல்ல, இரண்டு. சுவரில் சுவிட்ச் போட்டு, பெட்டியின் பின்பக்க சுவிட்சையும் போட்டவுடன் சின்னதாக ஒன்று வேலை செய்யத் தொடங்கும். அது தருவது 5 வோல்ட் மட்டும், ஸ்டேண்ட்பை என்பார்கள். போர்டில் எரியும் அந்த லைட்டுக்குச் சாப்பாடு போடுவது அதுதான். 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் எல்லாம் தருகிற பெரிய சப்ளை அப்போதும் தூங்கிக்கொண்டேதான் இருக்கும். நீங்கள் பட்டனை அழுத்தி, போர்டு, எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனக்கு வரும் 24 பின் கனெக்டரின் பச்சை ஒயரைத் தரையோடு, அதாவது கறுப்பு கிரவுண்ட் ஒயரோடு, இணைத்தால்தான் அது எழும். ஆகவே லைட் எரிந்தால் என்ன அர்த்தம்? சுவரில் கரண்ட் இருக்கிறது, பவர் கார்டு சரி, சின்ன சப்ளை உயிரோடு இருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பெரிய சப்ளை எரிந்துபோயிருந்தாலும் லைட் எரியலாம். பட்டன் ஒயரே மாட்டாவிட்டாலும் எரியும். பிராசசருக்கான 12 வோல்ட் ஒயர் மாட்டாமல் அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடந்தாலும் எரியும்.

இதையெல்லாம் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா குறுக்கே வந்தார். "மோட்டார் ரூம்ல பல்பு எரியுற மாதிரிங்களா?" என்றார். அவருக்கு ஊரில் தோட்டம் இருக்கிறது. கரெக்ட். த்ரீ பேஸ் வராத நேரத்தில் பம்புசெட் ரூமில் பல்பு பளிச்சென்று எரியும், மோட்டார் ஓடாது. பல்பு எரிகிறதே, அப்போ மோட்டார்தான் போயிடுச்சு என்று எந்த விவசாயியாவது மோட்டாரைக் கழற்றுவாரா? பையனுக்குப் புரிவதற்குள் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது.

இதற்கு நேர் எதிரான ஒரு தவறும் உண்டு. எஸ்.எம்.பி.எஸ். ஃபேன் சுற்றவில்லை, அதனால் எஸ்.எம்.பி.எஸ். அவுட் என்பார்கள். இப்போது வருகிற பல மாடல்களில் லோடு குறைவாக இருக்கும்வரை ஃபேன் சுற்றாது. அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

அடுத்து, "ஆன் ஆகவில்லை" என்று போன் செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் கம்ப்யூட்டர் ஆன் ஆகியிருக்கும், படம்தான் வந்திருக்காது. இரண்டும் வேறு வேறு நோய். ஃபேன் சுற்றுகிறதா இல்லையா, அதை மட்டும் முதலில் சொல்லுங்கள். சுற்றினால், மானிட்டர் ஒயரை, படத்தை உருவாக்கித் தரும் கிராஃபிக்ஸ் கார்டில் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இன்டெல் கம்பெனியில் பெயர் எஃப் என்று முடிகிற பிராசசருக்குள் கிராஃபிக்ஸ் கிடையாது, போர்டின் எச்.டி.எம்.ஐ.யில் மாட்டிவிட்டு விடியவிடியக் காத்திருந்தாலும் படம் வராது. டி.டி.ஆர். 5 வகை ராம் (தற்காலிக நினைவகம்) போட்ட புது போர்டு முதல் முறை ஆன் ஆகும்போது ராமைப் பழக்கிக்கொள்ளவே சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும், ஏ.எம்.டி. கம்பெனி பிராசசருக்கான ஏ.எம். 5 போர்டுகளில் குறிப்பாக. ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். நடுவில் சுவிட்சை அணைத்து அணைத்துப் போடாதீர்கள், ஒவ்வொரு முறையும் அது முதலிலிருந்து தொடங்கும்.

உண்மையிலேயே அசைவே இல்லையென்றால்? சிரிக்காதீர்கள், சுவர் சுவிட்சிலிருந்து தொடங்குங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்பக்க சுவிட்சில் கோடு போட்ட பக்கம்தான் ஆன், வட்டம் போட்ட பக்கம் ஆஃப். இதை மட்டும் மாற்றிப் போட்டுக் கொடுத்துவிட்டு, காசு வாங்கக் கூச்சப்பட்டு அனுப்பிய ஆட்கள் எனக்கு உண்டு. அப்புறம் 24 பின் கனெக்டர். புது போர்டில் அது இறுக்கமாக இருக்கும். பாதியில் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டதுபோல் ஏமாற்றும். கிளிப் "டக்" என்று விழ வேண்டும். பிராசசர் பக்கத்தில் இடது மேல் மூலையில் இருக்கும் 8 பின் கனெக்டரும் அப்படித்தான். அங்கே கிராஃபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னைச் செருகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அது 6+2 என்று பிரியும், பிராசசருக்கானது 4+4 என்று பிரியும். இரண்டிலும் 12 வோல்ட்டும் தரையும் இடம் மாறி இருக்கும். தப்பாக மாட்டக்கூடாது என்றுதான் ஓட்டைகளின் வடிவத்தையே மாற்றி வைத்திருக்கிறார்கள். அதையும் மீறிப் பலம் போட்டு நுழைக்கிற கைக்கு என்ன சொல்ல?

இதற்குப் பிறகு பவர் பட்டன். கேபினட் பட்டனை நம்பாதீர்கள். மானுவலைத் திறந்து, முன்பக்க ஒயர்கள் போகும் பின்களில் பவர் சுவிட்சுக்கு உரிய இரண்டு எது என்று பாருங்கள். ஒயரை உருவிவிட்டு அந்த இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொடுங்கள். ஆன் ஆனால், ஆன் ஆகாததற்குக் காரணம் போர்டு அல்ல. பட்டனிலோ ஒயரிலோதான் குறை. இந்த ஒயருக்குப் பிளஸ், மைனஸ் கிடையாது. லைட்டுகளுக்குத்தான் உண்டு. அதையும் மாற்றி மாட்டினால் லைட் எரியாது, அவ்வளவுதான், எதுவும் வெடிக்காது. ஆன் ஆகி நான்கு நொடியில் தானாக அணைந்தால் பட்டன் உள்ளேயே சிக்கிக்கொண்டிருக்கலாம். தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் அணைவதுதானே அதன் வேலை.

ஃபேன் ஒரு துள்ளு துள்ளிவிட்டு நின்றால் அது பெரும்பாலும் ஷார்ட். எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைத்துக்கொள்கிறது. போர்டுக்கு அடியில் பித்தளைக் கால்கள் இருக்குமே, போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு கால் மிச்சம் நின்றுகொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கத் தகட்டின் நாக்கு ஏதாவது யு.எஸ்.பி. ஓட்டைக்குள் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். மறுபடி முயல்வதற்குமுன் சுவர் சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் விடுங்கள், இல்லையென்றால் எஸ்.எம்.பி.எஸ். முறைத்துக்கொண்டே இருக்கும்.

எதுவும் பிடிபடவில்லையென்றால் போர்டை வெளியே எடுத்து அதன் அட்டைப்பெட்டி மேல் வையுங்கள். அது வந்த வெள்ளிநிறப் பை மேல் வேண்டாம், அந்தப் பையே மின்சாரம் கடத்தக்கூடியது. பிராசசர், கூலர், ஒரே ஒரு ராம், இரண்டு பவர் ஒயர் போதும். ஓடினால் ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் தனியாக எழுப்ப, 24 பின் கனெக்டரில் பேப்பர் கிளிப்பால் பச்சையையும் கறுப்பையும் இணைத்துப் பார்க்கிற வித்தை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. போர்டிலிருந்து கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும். இப்போது ஒயர்கள் எல்லாமே கறுப்பாக வருவதால் பச்சை எது என்று குத்துமதிப்பாகத் தேடாதீர்கள், தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். அதில் எழுந்துவிட்டது என்பதற்காக எஸ்.எம்.பி.எஸ். நல்லது என்றும் ஆகாது. லோடு கொடுக்கும்போது தாங்குமா என்பது வேறு கேள்வி. லைட் கதையேதான் மறுபடியும்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள். 230 வோல்ட் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றினாலே உள்ளே கெபாசிட்டரில் 325 வோல்ட் நிற்கும், பல மாடல்களில் அதற்கும் மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கும். கேபினட்டைத் தொட்டால் ஜிவ்வென்று இருக்கிறது என்பது வேறு. அது பெரும்பாலும் உங்கள் வீட்டில் எர்த் இல்லை என்று எஸ்.எம்.பி.எஸ். சொல்லும் புகார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், என்னை அல்ல.

கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிற விஷயம் ஒன்று. கழற்றி மாட்டும் ஒயர் உள்ள எஸ்.எம்.பி.எஸ். வைத்திருந்தால், பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஒயரைப் புதியதில் மாட்டாதீர்கள். போர்டு பக்கம் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே வரிசை. எஸ்.எம்.பி.எஸ். பக்கம் அவரவர் இஷ்டம். ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் மாறும். ஓட்டை பொருந்தும், உள்ளே 12 வோல்ட் போகும் இடம் மாறும். 5 வோல்ட் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த, உங்கள் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.க்குள் அது போனால், அதிலிருக்கும் போட்டோக்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிராசசரைக் கழற்றுவது கடைசிக் கட்டம். கடைசி என்றால் கடைசி. இன்டெல் எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட்டில் பெயருக்கு ஏற்ப 1700 பின், தலைமுடிபோல் மெல்லிசு. வாரண்டிக்குப் போர்டைக் கொண்டுபோனால் கடைக்காரர் முதலில் பார்ப்பதே அதைத்தான். வளைந்திருந்தால் பேச்சே கிடையாது. போர்டு வாங்கிய கடையில் அந்தப் பையனைத் திருப்பி அனுப்பியதும் அதனால்தான். சாக்கெட்டை மூடி வந்த பிளாஸ்டிக் மூடியைத் தூக்கியும் போடாதீர்கள், பல இடங்களில் அது இல்லாமல் போர்டைத் திருப்பி வாங்கமாட்டார்கள்.

அந்த மூன்று பின்னில் இரண்டை ஊசி முனையால் நிமிர்த்திவிட்டேன். மூன்றாவது நிமிரும்போதே ஒடிந்தது. வரைபடத்தில் பார்த்தால் அது தரைப் பின். அதற்குப் பக்கத்திலேயே துணைக்கு நிறைய இருக்கின்றன. பையனுக்கு நல்ல நேரம். டிஸ்ப்ளே வந்துவிட்டது. எல்லாம் முடிந்ததும் பவர் பட்டன் ஒயரை உருவி அவன் கையில் கொடுத்து, நீயே மாட்டு என்றேன். மானுவலை விரித்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தான். அப்பா பக்கத்தில் நின்று டார்ச் அடித்தார்.