மூளைத் தமனியில் ஸ்டென்ட் வைக்க ஏன் இத்தனை தயக்கம்?

மாரடைப்பு வந்தவருக்கு உடனே ஸ்டென்ட் (குறுகிய தமனியை விரித்துத் திறந்துவைக்கும் வலைக்குழாய்) வைக்கும்போது, மூளைத் தமனி குறுகியிருப்பது ஸ்கேனில் தெரிந்த பின்னும் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புவது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

தமனிச் சுவரில் கொழுப்பு படிவதும், அதன்மேல் இரத்தம் உறைந்து பக்கவாதம் வருவதும் பலரும் அறிந்தவை. கழுத்துத் தமனி 70 சதவீதத்துக்கு மேல் குறுகி, அறிகுறியும் தோன்றியவர்களுக்கு அறுவை சிகிச்சை நல்ல பலன் தருவதை 1991-இல் வெளியான ஆய்வுகள் உறுதிசெய்தன. மண்டையோட்டுக்குள் நிலைமை வேறு.

அங்கே நடுப்பெருமூளைத் தமனியிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள நுண்கிளைகள் கிளம்பி, மூளையின் ஆழத்துக்குள் நேரே நுழைகின்றன. கை, கால், முகத்தை இயக்கும் நரம்பிழைகள் நெருக்கியடித்துச் செல்லும் பாதைக்குப் பெருமளவு இரத்தம் தருபவை இவையே. அக்கம்பக்கத்துக் கிளைகளோடு போதிய இணைப்பு இல்லாததால், ஒன்று அடைபட்டால் மற்றொன்று உதவிக்கு வராது. ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவான திசு அழிந்தாலே உடலின் ஒரு பக்கம் முழுதும் செயலிழக்கக்கூடும். ஸ்டென்ட் விரியும்போது கொழுப்புப் படிவு மறைந்துவிடுவதில்லை, ஓரம் ஒதுங்குகிறது. வாய்க்காலைத் தூர்வாரியவர்கள் சேற்றைக் கரையோரம் தள்ளி மடைகளை அடைத்துவிடுவதைப் போல, அது இந்த நுண்கிளைகளின் வாயை மூடிவிடலாம். படத்தில் பெரிய தமனி அழகாகத் திறந்திருக்கும். நோயாளிக்கோ கை கால் விழுந்திருக்கும். போதாக்குறைக்கு இத்தமனிகளின் சுவர் மெல்லியது, தாங்கிப்பிடிக்கச் சுற்றிலும் தசையில்லை; கிழிந்தால் மூளையைச் சுற்றி இரத்தம் கசியும்.

மூளைத் தமனி குறுகியவர்களில் மருந்தோடு ஸ்டென்ட் வைப்பதையும் மருந்து மட்டும் தருவதையும் ஒப்பிட்ட, அமெரிக்காவின் சாம்ப்ரிஸ் ஆய்வு இதை எண்களில் காட்டியது. 451 பேர் சேர்ந்த அதில், 30 நாட்களுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தவர்கள் ஸ்டென்ட் பிரிவில் 14.7 சதவீதம், மருந்துப் பிரிவில் 5.8 சதவீதம். 2011-இல் ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. ஒரு கருவி பயன்தரவில்லை எனக் காட்டிய இந்த ஆய்வு நடந்தது அரசு நிதியில். அத்தகைய நிதி உயிர்காக்கும் செலவு என்பதே என் உறுதியான கருத்து, ஏனெனில் விற்பவர்கள் இந்தக் கேள்வியைத் தாமாகக் கேட்கமாட்டார்கள்.

மருந்துப் பிரிவு என்பதும் வெறும் மாத்திரையன்று: ஆஸ்பிரின், முதல் 90 நாட்களுக்கு அதைப்போலவே இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல், கெட்ட கொழுப்பை 70-க்குக் கீழும் மேல் இரத்த அழுத்தத்தை 140-க்குக் கீழும் கொண்டுவரும் விடாப்பிடியான கண்காணிப்பு.

ஆயினும் கதவு மூடிவிடவில்லை. தமனியின் விட்டத்தைவிடச் சிறிய பலூனை மெதுவாக ஊதி, வேண்டுமென்றே முழுதாக விரிக்காமல் நிறுத்தும் முறையைச் சீனாவில் சோதித்தார்கள். 2024-இல் வெளியான அதன் முடிவில், ஓராண்டுக் காலத்தில் பக்கவாதம் முதலிய பாதிப்புகள் பலூன் பிரிவில் 4.4 சதவீதம், மருந்து மட்டும் பெற்றவர்களில் 13.5 சதவீதம். சிலருக்குத் தமனிச் சுவர் கிழிந்ததும் உண்மை. ஆகவே வேறு நாடுகளிலும் இது சோதிக்கப்படும்வரை, முறையான மருந்துக்குப் பிறகும் பக்கவாதம் திரும்ப வருபவர்களுக்கே, தேர்ந்த கைகளில், இதைப் பரிசீலிப்பது பொருத்தம்.