முயல் மேட்டில் மண்வெட்டி வைக்கும் முன்: இங்கிலாந்து நிலக்காரர் அறிய வேண்டிய விதி

இங்கிலாந்துப் புல்வெளிகளில் தலையணையைக் கிடத்தியதுபோல் நீண்ட மண்மேடுகள் தென்படும். பார்த்தால் பழைய புதைகுழி போலிருக்கும். உண்மையில் இறைச்சிக்கும் தோலுக்கும் முயல் வளர்க்கக் கட்டியவை. பெரும்பாலும் 15 முதல் 40 மீட்டர் நீளம், 5 முதல் 10 மீட்டர் அகலம் இருக்கும்; உயரம் இடுப்புக்கும் கீழே. முயல் சுலபமாகத் தோண்ட மண்ணைப் பொலபொலவென்று குவித்தார்கள். வளைக்குள் ஈரம் ஏறினால் முயல் தங்காது என்பதால் சுற்றிலும் வாய்க்கால் வெட்டினார்கள்.

இடைக்காலத்தில் இதற்கு மன்னரின் சாசனம் வேண்டும். 'ஃப்ரீ வாரன்' என்பது அதன் பெயர். சாசனம் பெற்றவரின் நிலத்தில் அனுமதியின்றி வேட்டையாடினால் அபராதம் 10 பவுண்டு, அன்றைக்குப் பெருந்தொகை. அந்த உரிமையை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்துவிட்டது.

இன்றைய சிக்கல் வேறு. 1954-ஆம் ஆண்டின் பூச்சி, விலங்குத் தொல்லைச் சட்டப்படி முயலைக் கொல்வதோ, அது சேதம் செய்யாமல் தடுப்பதோ நிலத்தை வைத்திருப்பவரின் கடமை. மேடு தொல்சின்னப் பட்டியலில் இருந்தால், 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியின்றி அதில் மண்ணைக் கிளறக் கூடாது. முயலோ அதே மேட்டில்தான் குடியிருக்கும்!

முதலில் இந்தத் தொல்சின்னங்களும் அடங்கிய இங்கிலாந்தின் தேசியப் பாரம்பரியப் பட்டியலை இணையத்தில் பாருங்கள். எல்லா மேடும் அதில் இராது. இருந்தால் வரைபடத்திலுள்ள எல்லைக்கோட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். கோட்டுக்குள் குழி, வடிகால், மரம் நடுதல் எதற்கும் 'ஹிஸ்டாரிக் இங்கிலாந்து' அமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் இல்லை; முடிவு அமைச்சருடையது. வேலையை முடித்துவிட்டு அனுமதி கேட்டால் கிடைக்காது. அனுமதியின்றிச் செய்வது குற்றம்.

சுடுவதற்கும், வளை வாயில் வலை கட்டி ஃபெரட்டை (முயலை விரட்டப் பழக்கிய, கீரி போன்ற சிறு விலங்கு) உள்ளே விடுவதற்கும் மண்ணைத் தொட வேண்டியதில்லை. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: முயலைக் கொன்ற ஃபெரட் உள்ளேயே படுத்துவிடும், உடனே மண்வெட்டியை எடுத்துவிடுவார்கள். எடுக்காதீர்கள். அதன் படுக்கை வைக்கோலைக் கூண்டுப் பொறியில் போட்டு வளை வாயில் வைத்துக் காத்திருங்கள்.

வேலி போடுவதானால் வாய்க்காலையும் தாண்டி, எல்லைக்கோட்டுக்கு வெளியே போடுங்கள். 31 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பிவலை, தரைக்கு மேல் 90 சென்டிமீட்டர். அடியில் 15 சென்டிமீட்டரை முயல் வரும் பக்கமாக மடித்துத் தரையில் பரப்பிப் புல்கட்டியால் அமுக்கினால் போதும். புல் வலைக்குள் வேரோடிப் பிடித்துக்கொள்ளும். வலையைப் புதைக்கப் பள்ளம் தோண்ட வேண்டியதில்லை.